ஊர் நியூஜெர்சியில், கட்டடம் மிச்சிகனில்: மென்லோ பார்க் போன கதை

நியூஜெர்சியில் இருக்கும் நம்மாட்களிடம் எடிசனுக்குப் போகிறேன் என்று சொன்னால், மளிகைச் சாமான் வாங்கக் கிளம்பிவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். ஓக் ட்ரீ ரோட்டில் தோசை, முருங்கைக்காய், பட்டுப்புடவை, நகை என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். ராரிட்டன் என்று இருந்த அந்த ஊருக்கு 1954இல்தான் எடிசன் என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான இடம் கடைத்தெருவிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பல வருஷமாக அந்தப் பக்கமே குடியிருக்கும் என் அக்காவும் அத்தானும் அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "அங்க ஒரு டவர் நிக்குது, வேற ஒண்ணும் கெடையாது" என்றார் அத்தான். போய்ப் பார்த்தபோது அவர் சொன்னது கிட்டத்தட்ட சரிதான் என்று தெரிந்தது. எனக்கு என்னவோ அந்த ஒன்றுமில்லாத இடம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

இடத்தின் பெயர் மென்லோ பார்க். தனி ஊராட்சி எல்லாம் கிடையாது, எடிசன் நகரத்துக்குள் அடங்கிய ஒரு சின்னக் குடியிருப்புப் பகுதி. ரூட் 27இலிருந்து கிறிஸ்டி தெருவுக்குள் திரும்பினால், புல்வெளி வெட்டிய வீடுகள், வாசலில் கார்கள், ஒரு வீட்டில் கூடைப்பந்து வளையம். சத்தமே இல்லை. 1870களில் யாரோ மனை போட்டு விற்கப் பார்த்து, விலை போகாமல் கிடந்த இடம் இது. அதனால் நிலம் மலிவு, நியூயார்க்குக்கு ரயிலும் இருந்தது. 1876இல் நியூவர்க்கிலிருந்து குடும்பத்தோடும் வேலையாட்களோடும் எடிசன் இங்கே வந்தபோது அவருக்கு வயது 29.

வந்ததும் கட்டியது 100 அடி நீளம், 30 அடி அகலத்தில் ஒரு மாடி வைத்த மரக் கட்டடம். அங்கே பொருள் செய்து விற்கப்போவதில்லை, பாடம் நடத்தப்போவதில்லை, கண்டுபிடிப்பது மட்டும்தான் வேலை. பத்து நாளைக்கு ஒரு சின்னக் கண்டுபிடிப்பு, ஆறு மாதத்துக்கு ஒரு பெரியது என்று கணக்கு வேறு சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் இந்த இடத்திலிருந்து போன காப்புரிமைகள் கிட்டத்தட்ட 400. பல்பை விட, சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற இந்த ஏற்பாடுதான் மென்லோ பார்க்கின் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் கட்சி. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஜான் குருசி இயந்திரம் செய்வார், சார்லஸ் பேச்சலர் நுணுக்கமான கைவேலையில் கெட்டிக்காரர், பிரான்சிஸ் அப்டன் கணக்குப் புலி, கண்ணாடி ஊத லுட்விக் போம். ராத்திரி முழுக்க வேலை, நடுராத்திரியில் எல்லோருக்கும் சாப்பாடு. மாடியின் கோடியில் ஒரு பைப் ஆர்கன் இருந்தது, சாப்பிட்ட கையோடு யாராவது வாசிக்க மற்றவர்கள் பாடுவார்களாம். இன்றைய கம்பெனிகள் கேரம் போர்டு வாங்கிப் போட்டுவிட்டுப் பெருமைப்படுவதை நினைத்துக்கொண்டேன்.

இப்போது அங்கே இருக்கும் அருங்காட்சியகம் ரொம்பச் சின்னது, உள்ளே நுழைந்து திரும்பினால் முடிந்துவிடும். ஆனால் வழிகாட்டியாக இருந்த பெரியவர் லேசில் விடவில்லை. பழைய எடிசன் போனோகிராஃப் ஒன்றைக் கைப்பிடியால் சுற்றி முடுக்கினார். அதில் வைத்த தட்டு கிட்டத்தட்ட கால் அங்குலம் தடிமன், நாம் பார்த்த கிராமபோன் தட்டெல்லாம் அதன் பக்கத்தில் அப்பளம். முள்ளை வைத்ததும் ஒரு கரகரப்பு, அப்புறம் பாட்டு. அந்தச் சின்ன அறைக்கு அந்தச் சத்தம் மிக அதிகம். மின்சாரமே இல்லாத பெட்டியில் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று ஒரு பையன் கேட்டான். பெரியவர் ஒரு நெம்புகோலைத் திருப்பினார், கம்பளியால் ஆன ஒரு பந்து உள்ளே இருக்கும் குழலை அடைத்துக்கொண்டது, பாட்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது போல அடங்கியது. பையனை விட நான்தான் அதிகமாக வாயைப் பிளந்தேன்.

இது பிற்கால மாடல். இந்த ஊரில் 1877இல் குருசி செய்த முதல் கருவியில் உருளைமேல் வெள்ளீயத் தகட்டைச் சுற்றி, அதில் முள்ளால் ஒலியைக் கீறிப் பதிந்தார்கள். சில தடவை போட்டாலே தகடு தேய்ந்துவிடும். எடிசனும் அதைக் கிட்டத்தட்ட பத்து வருஷம் ஓரங்கட்டி வைத்துவிட்டு விளக்குக்குப் போய்விட்டார்.

விளக்கு விஷயத்தில் நம் பள்ளிப் புத்தகம் கதையைச் சுருக்கிவிட்டது. எரியும் பல்பை அவருக்கு முன்பே பலர் செய்து பார்த்திருந்தார்கள், இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் அதே காலத்தில் அதே வேலையில்தான் இருந்தார், பின்னாளில் இருவருடைய கம்பெனிகளும் அங்கே ஒன்றாகிவிட்டன. எடிசன் பிடித்தது பல்புக்குள் எரியும் இழையின் மின்தடை. தடை குறைவான விளக்குக்கு மின்னோட்டம் நிறைய வேண்டும், நிறைய ஓடினால் கம்பி தடிமனாக வேண்டும், ஒரு நகரத்துக்கே அப்படிச் செம்புக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது. மெல்லிய, தடை அதிகமான இழை என்றால் மெல்லிய கம்பியே போதும். அப்டனின் கணக்குக்கு வேலை வந்தது அங்கேதான். 1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூல் காற்றில்லாத கண்ணாடிக் குமிழுக்குள் மணிக்கணக்கில் நின்று எரிந்தது. அந்த வருஷக் கடைசி இரவில் ஊரையே வெளிச்சமாக்கி எல்லோரையும் பார்க்கக் கூப்பிட்டார்கள், கூட்டத்துக்காக ரயில்வே தனி ரயில் விட்டது. நான் வந்திறங்கிய மெட்ரோபார்க் நிலையமும் அதே பாதையில்தான் இருக்கிறது.

நூலுக்கு அடுத்து மூங்கில். ஜப்பான் மூங்கில் இழை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. அதற்கப்புறமும் திருப்தி இல்லாமல், 1888இல் ஜேம்ஸ் ரிகால்டன் என்ற பள்ளி ஆசிரியரை இன்னும் நல்ல மூங்கில் தேடி இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்பினார் எடிசன். அதற்குள் அவர் மென்லோ பார்க்கை விட்டு நியூஜெர்சியிலேயே இருக்கும் வெஸ்ட் ஆரஞ்சுக்குப் போயாகிவிட்டது. 1884இல் மனைவி மேரி இங்கேதான் இறந்தார், அதன்பின் இந்த ஊரில் எடிசனுக்கு மனம் ஒட்டவில்லை போலிருக்கிறது.

சரி, அந்த மரக் கட்டடம் எங்கே? ஆளில்லாமல் பாழடைந்தது. மிச்சம் கிடந்த பலகைகளைத் தேடிப் பொறுக்கி, செம்மண்ணைக்கூட ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் 1929இல் திரும்ப எழுப்பியவர் ஹென்றி ஃபோர்டு. அதைப் பார்த்த எடிசன், எல்லாம் சரி, ஆனால் எங்கள் தரை இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்றாராம்.

இங்கே மிஞ்சியது அத்தான் சொன்ன டவர். முன்பு இருந்த நினைவுக் கோபுரத்தை 1937இல் மின்னல் சாய்த்துவிட்டது (மின்சாரத்துக்கு இவரிடம் என்ன கோபமோ). இப்போதைய கான்கிரீட் கோபுரத்தை 1938 பிப்ரவரி 11, எடிசன் பிறந்தநாளில் திறந்தார்கள். உயரம் 131 அடி, உச்சியில் 13 அடிக்கு மேல் ஒரு ராட்சதக் கண்ணாடி பல்பு. கிட்டப் போய்ச் சுவரைத் தடவினால் உள்ளங்கையில் பொடிக் கூழாங்கற்கள் நெருடுகின்றன, கான்கிரீட்டின் மேற்பரப்பில் அவை வெளியே தெரியும்படி செய்திருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: வாரத்தில் சில நாள்தான் அருங்காட்சியகம் திறக்கிறார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு மணி நேரம் தாராளம். கருவிகளும் ஆய்வுக்கூடமும் இருந்தபடியே வேண்டும் என்றால் வெஸ்ட் ஆரஞ்சில் தேசியப் பூங்காத் துறை வைத்திருக்கிறது, பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவதுதான் நல்லது. இரண்டுக்கும் நேரம் இருந்தால் மென்லோ பார்க்கை முதலில் பார்த்துவிடுங்கள், வெஸ்ட் ஆரஞ்சைப் பார்த்தபின் இங்கே வந்தால் அத்தான் கட்சிக்குப் போய்விடுவீர்கள்.