பீரங்கியை விடுங்கோ, கயிற்றைப் பாருங்கோ

கோணேசர் கோயிலுக்கு வாற வெளியூர்ச் சனம் இராவணன் வெட்டடியில நிண்டு கடலைப் பாப்பினம், தூரத்தில சாம்பல் நிறத்தில ஒரு கப்பல் தெரிஞ்சா போதும், உடன ரெண்டு கேள்வி வரும். ஒண்டு, அது எங்கட நேவியா இந்தியன் நேவியா. மற்றது, அந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் அடிக்கும். முதல் கேள்விக்கு மறுமொழி சொல்லுறது லேசு. ரெண்டாவதைப் பற்றிக் கதைக்க எனக்குப் பெரிய விருப்பம் இல்ல, ஏனெண்டா போர்க்கப்பல்ல பாக்கவேண்டிய சாமான் பீரங்கியே இல்ல எண்டுறதுதான் என்ர கட்சி.

சரி, முதல்ல லேசானதைச் சொல்லுறன். கப்பலின்ர முன்பக்கத்தில, உடம்பில, பெரிசா ஒரு எழுத்தும் நம்பரும் அடிச்சிருக்கும். பி 626 எண்டா எங்கட கஜபாகு, பி 625 எண்டா பராக்கிரமபாகு, பி 620 சயுர. பேர் எல்லாம் உள்ளூர்ப் பேர்தான், பிறந்த இடம் மூண்டும் மூண்டு நாடு. கஜபாகு 1968ல அமெரிக்கன் கோஸ்ட் கார்டில 'ஷெர்மன்' எண்ட பேரோட வேலைக்குச் சேர்ந்தது, அப்ப உடம்பு முழுக்க வெள்ளை பெயின்ட், 2007ல பனாமாப் பக்கம் ஒரு சரக்குக் கப்பல்ல இருந்து கிட்டத்தட்ட 20 தொன் கொக்கேயின் பிடிபட்டதே, அந்தப் பிடியில இதுவும் நிண்டது. சயுர 2000ல இந்தியாவில இருந்து வந்தது, அங்க அதுக்குப் பேர் 'சரயு'. பராக்கிரமபாகு 2019ல சீனாவில இருந்து. மூண்டு நாட்டு இரும்புக்கு ஒரே கொடி. இதில ஆர் ஆருக்கு என்ன கணக்கு எண்டு பேப்பர்க்காரர் எழுதட்டும்.

இனி கயிற்றுக்கு வாறன்.

திருகோணமலை டவுனில நிண்டு பாத்தா துறைமுகம் தெரியும் எண்டு கனபேர் நினைக்கினம். டச்சுக் குடாவும் பின்குடாவும்தான் தெரியும், உண்மையான உள்துறைமுகம் மற்றப் பக்கம், அதின்ர பெரும்பங்கு நேவியின்ர டொக்யார்ட் கேற்றுக்கு அங்கால. முந்தி மூதூருக்கு லோஞ்ச் ஏறிப் போற ஆக்களுக்குத்தான் அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு கண்ணால பாக்கிற குடுப்பினை இருந்தது, 2009ல கிண்ணியாப் பாலம் திறந்தாப் பிறகு முக்கால்வாசிப் பேர் பஸ்ஸிலயே போய்ட்டினம். நான் சின்னனில லோஞ்சில போகேக்க பெரியப்பாவுக்குப் பக்கத்திலதான் இருப்பன், அவர் டொக்யார்ட்டில ரிக்கர். ரிக்கர் எண்டா கயிறு, கம்பிவடம், கப்பி, தூக்கிற சாமான், இதுகளோடயே சீவிக்கிற ஆள். எல்லாரும் "அந்தா பார் பீரங்கி" எண்டு கத்த, அவர் மட்டும் "அந்த வடத்தைப் பாரடா தம்பி, எத்தினை இடத்தில கட்டியிருக்கிறாங்கள்" எண்டுவார்.

எனக்கு அந்த நேரம் அது பெரிய அறுவை. பிறகு ஒருநாள் பெரியம்மாவின்ர உலக்கையை முத்தத்தில நட்டுவைச்சு (பெரியம்மா ஏசினது வேற கதை) ரெண்டு நைலோன் கயிற்றின்ர நுனியில கண், அதாவது வளையம், போட்டுக் காட்டினார். ஒரே பொலாட்டில, அதான் ஜெட்டியில வடம் மாட்டுற கட்டைத் தூணில, ரெண்டு கப்பலின்ர வடம் விழுந்திருக்கு எண்டு வை, ரெண்டாவது கண்ணை முதல் கண்ணுக்கு மேலால சும்மா போட்டா, முதல் வந்த கப்பல் வெளிக்கிடேலாது, மேல கிடக்கிறதைக் கழட்டினாத்தான் கீழ உள்ளது வரும். அதால ரெண்டாவது கண்ணை முதல் கண்ணுக்குக் கீழால உள்ளுக்க விட்டு மேல இழுத்து, பிறகு பொலாட்டில மாட்டவேணும். அப்ப எதை முதல்ல கழட்டினாலும் மற்றது அசையாது. அவ்வளவுதான் விசயம், ரெண்டு நிமிசம், ஆனா அண்டையில இருந்து எந்த ஜெட்டிக்குப் போனாலும் என்ர கண் முதல்ல பொலாட்டுக்குத்தான் போகுது.

கப்பல் கட்டுறதைக் கிட்ட நிண்டு பாத்திருக்கிறீங்களோ? முதல்ல ஒரு மெல்லிசுக் கயிறு பறந்து வரும், நுனியில பாரமா ஒரு முடிச்சு, ஜெட்டியில நிக்கிறவன் அதைப் பிடிச்சு இழுக்க அதுக்குப் பின்னால தொடை மொத்தத்தில வடம் வரும். மூக்கில ஒண்டு, வாலில ஒண்டு, அதோட முன்னுக்கும் பின்னுக்கும் சரிவா ஓடுற ஸ்பிரிங் வடங்கள், அதுகள்தான் கப்பலை முன்னால பின்னால போகவிடாமப் பிடிக்கிறது. வடத்தில வட்டமா ஒரு தகடு மாட்டியிருந்தா அது எலி ஏறாமத் தடுக்கிறதுக்கு. நைலோன் வடம் இழுவையில அறுந்தா திரும்பி அடிக்கிற அடியில ஆளே முடிஞ்சுபோகும், அதால பெரியப்பா வீட்டில கூட நிலத்தில கிடக்கிற கயிற்று வளையத்துக்குள்ள கால் வைக்க விடமாட்டார், கொடிக்கயிறா இருந்தாலும்.

இப்ப கூட்டுப் பயிற்சிக் கதை. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து செய்யிற ஸ்லினெக்ஸ் 2005ல தொடங்கினது, சில வருசம் அங்க, சில வருசம் இங்க. 2020 ஒக்டோபரில எங்கட திருகோணமலைக் கடலிலதான் நடந்தது. இந்தியாப் பக்கம் கமோர்ட்டா, கில்தான் எண்டு ரெண்டு கப்பல், ரெண்டும் நீர்மூழ்கி வேட்டைக்கெண்டு கொல்கத்தாவில கட்டினது, எங்கட பக்கம் சயுரவும் கஜபாகுவும். கொரோனா நேரம், அதால கரையில கைகுடுக்கிறது, கிரிக்கெட் விளையாடுறது, வீணை நாட்டியம் ஒண்டும் கிடையாது, முழுக்கக் கடலில மட்டும் எண்டு முடிவெடுத்திட்டினம். ஊர்ச்சனத்துக்குப் பாக்க ஒண்டும் இல்ல. எனக்கெண்டா அதுதான் உண்மையான பயிற்சி போலக் கிடந்தது, ஏனெண்டா வழக்கமா பேப்பரில வாற படத்தில பாதி பூமாலையும் கேக் வெட்டுறதும்.

செய்தியில பீரங்கிச் சூட்டைத்தான் முன்னுக்குப் போடுவினம். ஹெலிகொப்டர் மற்ற நாட்டுக் கப்பலின்ர தட்டில இறங்கினதையும் காட்டுவினம், அது நல்ல வித்தைதான், ஆடுற தட்டில இறங்கிறது சும்மா இல்ல. ஆனா நான் தேடிப் பாக்கிறது வேற ஒண்டை. ரெண்டு கப்பல் பக்கத்தில பக்கத்தில, ஒரு 40, 50 மீற்றர் இடைவெளியில, 12 நொட் வேகத்தில ஒரே நேர்கோட்டில ஓடும், கடலில ஓட்டத்திலயே எண்ணெய் குடுக்கிறதுக்குச் செய்யிற வேலை அது. எண்ணெய் குடுக்காமலே கிட்டப் போய் ஒட்டி ஓடிப் பிரியிறதை மட்டும் பயிற்சியாச் செய்யிறதும் உண்டு. இதில என்ன பெரிய விசயம் எண்டு கேப்பீங்கள். ரெண்டு உடம்புக்கும் நடுவில தண்ணி வேகமா ஓட, அமுக்கம் குறைஞ்சு கப்பல் ரெண்டும் ஒண்டை ஒண்டு இழுக்கப் பாக்கும், அதேநேரம் மூக்கடித் தண்ணி தள்ளப் பாக்கும், சுக்கான் பிடிக்கிறவன் ஒரு பாகை அரைப் பாகையா மாத்திக்கொண்டே இருக்கவேணும். நடுவில ஒரு கயிறு, அதில அளந்து அளந்து நிறக்கொடி கட்டியிருக்கும், ரெண்டு பக்கத்துக் கப்டனும் அந்தக் கொடியளை எண்ணித்தான் இடைவெளி பாப்பினம். ராடர், கம்பியூட்டர், ஏவுகணை எல்லாம் வைச்சிருக்கிற கப்பல் கடைசியா நம்புறது ஒரு கயிற்றை. பெரியப்பாவுக்கு இதின்ர வீடியோ போட்டுக் காட்டினனான், மனுசன் போனைத் திருப்பித் தரேல்ல.

கயிறு, பம்ப் போல சின்னச் சாமான் பிழைச்சா என்ன நடக்கும் எண்டுறதுக்கு எங்கட துறைமுகத்துக்குள்ளயே ஒரு சாட்சி கிடக்கு. ரெண்டாம் உலகப்போர்க் காலத்தில பிரிட்டிஷ்காரன் பம்பாயில ஒரு மிதக்கிற டொக் (கப்பலைத் தூக்கி வைச்சுத் திருத்திற மேடை) கட்டி இங்க கொண்டுவந்தான், ஏஎஃப்டி 23 எண்டு பேர், 50,000 தொன் கப்பலையே தூக்கும் எண்டு கட்டினது. தாங்கியளுக்குள்ள தண்ணி விட்டு டொக்கைத் தாழ்த்தி, கப்பலை உள்ளுக்க விட்டு, தண்ணியைப் பம்ப் பண்ணி வெளிய எடுக்க டொக் கப்பலோட மேல எழும்பும். 1944 ஓகஸ்ட் 8ம் தேதி இதுக்குள்ள ஏறினது வேலியன்ட் எண்ட பெரிய போர்க்கப்பல். சாதாரண கப்பல் இல்ல இது. முதலாம் உலகப்போரில ஓடினது, 1941ல அலெக்சாண்ட்ரியாவில இத்தாலிக்காரன் தண்ணிக்குக் கீழால வந்து குண்டு வைச்சும் தப்பினது, 1944 ஏப்ரலில திருகோணமலையில இருந்து போய், ஜப்பான்காரன் பிடிச்சு வைச்சிருந்த சுமாத்திராப் பக்கத்துச் சபாங்கைத் தாக்கின கூட்டுப்படையில இருந்தது (அந்தப் படையில அமெரிக்கன், பிரெஞ்சு, டச்சு, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாரும் இருந்தவை, இண்டைக்கு நடக்கிற கூட்டுப் பயிற்சியெல்லாம் அதுக்கு முன்னால சின்னப்பிள்ளை விளையாட்டு). அப்பிடிப்பட்ட கப்பலை வெடிமருந்து ஒண்டும் இறக்காம முழுப்பாரத்தோட டொக்குக்குள்ள ஏத்தி, எந்தத் தாங்கியை எந்த ஒழுங்கில வெறுமையாக்கவேணும் எண்ட கணக்குப் பிழைச்சு, பாரம் ஒரு இடத்தில இருக்கத் தூக்கல் இன்னொரு இடத்தில இருக்க, டொக்கின்ர முதுகே முறிஞ்சு போச்சு. டொக் தாண்டுபோச்சு. வேலியன்ட் மிதந்து தப்பினது, ஆனா சுக்கானும் உள்பக்கத்து காத்தாடி (புரொப்பெல்லர்) ரெண்டும் அடிபட்டு, அந்தப் போரில திரும்பச் சண்டைக்கே வரேல்ல. ஜப்பான்காரன் ஒரு குண்டும் போடேல்ல, பம்பைத் திறந்த ஒழுங்குதான் அவ்வளவும் செய்தது. டொக் இப்பவும் துறைமுக அடியில கிடக்கு.

ஜப்பான்காரன் வந்தது அதுக்கு ரெண்டு வருசம் முந்தி, 1942 ஏப்ரல் 9. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிக் கதை எல்லாருக்கும் தெரியும், அதால அதை விடுறன். ஹெர்மிஸ் கதையை மட்டும் சொல்லுறன். விமானந்தாங்கிக் கப்பலாவே திட்டம் போட்டு வரைஞ்ச கப்பலுகளில உலகத்திலயே முதலாவது அது. தாக்குதல் வரப்போகுது எண்டு தெரிஞ்சு முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளிய அனுப்பினவை, ஆனா அதின்ர விமானங்கள் சீனக்குடாவில கரையில நிண்டுபோச்சு. விமானம் இல்லாத விமானந்தாங்கி மட்டக்களப்புக் கடலில மாட்டுப்பட்டுத் தாண்டது, 300க்கு மேல ஆக்கள் செத்தவை. அதே நாள் துறைமுகத்துக்குள்ள எரிஞ்ச சகாயிங் எண்ட கப்பலை எங்கட நேவி டைவர்மார் 2018ல தண்ணிக்கு மேல எடுத்தவங்கள், 75 வருசம் அடியில கிடந்த இரும்பு. அந்த வேலைக்கு நான் தொப்பி கழட்டுவன். மாதக்கணக்கா ஓட்டை அடைச்சு, தண்ணி இறைச்சு, அங்குலம் அங்குலமா.

பக்கத்துக் காலத்துக் கதையும் இருக்கு. 1995 ஏப்ரல் 19ல கடற்புலிகள் இதே துறைமுகத்தில நிண்ட சூரயா, ரணசுறு எண்ட ரெண்டு பீரங்கிப் படகையும் தகர்த்தினம், மூண்டாம் ஈழப்போர் தொடங்கினது அதோடதான். அதுக்குப் பிறகு எங்கட மீன்பிடிச் சனம் பட்ட பாடு, பாஸ் என்ன, என்ஜின் குதிரைவலுக் கணக்கு என்ன, இரவில தொழில் தடை என்ன, எழுதினா இன்னொரு பதிவு வேணும். சாம்பல் கப்பலைக் கண்டா செல்பி எடுக்கிற பிள்ளையளும் இந்த ஊரிலதான், கண்டா வாய்மூடி உள்ளுக்க போற அவையின்ர அம்மம்மாமாரும் இந்த ஊரிலதான். ரெண்டும் நியாயம் எண்டுதான் எனக்குப் படுது, ஒண்டைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு ஏலாது.

வாடைக்காத்துத் தொடங்க முன்னம் வாற ஆக்களுக்கு ஒரு புத்தி சொல்லுறன். ஜெட்டியில கட்டியிருக்கிற போர்க்கப்பல் வெளிக்கிடப்போகுது எண்டதைக் கண்டுபிடிக்கிறது சுகம். முதல்ல எலித்தகடு கழரும். பிறகு ரெட்டையாக் கிடந்த வடங்களை ஒவ்வொண்டா எடுத்து ஒத்தையாக்குவாங்கள். மூக்கில ஒரு சின்னக் கொடி பறக்கும், கட்டி நிக்கிற நேரம் மட்டும் பறக்கிறது அது, கடைசி வடம் அவிழேக்க அதையும் இறக்கிப்போடுவாங்கள். கமராவை எலித்தகடு கழரேக்கயே எடுத்து வைச்சிருங்கோ. கொடி இறங்கினாப் பிறகு தேடினா உங்களுக்குக் கப்பலின்ர பின்பக்கம்தான் மிஞ்சும்.