பெயர் நீக்கிய பிரதி

எழுத்துக் கற்பித்தல் பற்றிய ஆய்விதழொன்றுக்கு அனுப்பவுள்ள கட்டுரையிலிருந்து என் பெயரையும் கிளிநொச்சியிலுள்ள எமது பாடசாலையின் பெயரையும் இன்று காலை நீக்கினேன்.

கோப்பின் பண்புகளுக்குள்ளும் ஆசிரியர் பெயர் பதிந்திருக்கும். அதையும் அழிக்க வேண்டும்.

எழுதியவரும், கட்டுரை வெளியிடத் தக்கதா என்று பார்க்கும் மதிப்பாய்வாளரும் ஒருவரையொருவர் அறியாத முறை இது. பேராசிரியரின் கட்டுரையும் கிராமத்து ஆசிரியையின் கட்டுரையும் எழுத்தால் மட்டுமே எடைபோடப்பட வேண்டும் என்பது அதன் நியாயம். (நடை பல வேளைகளில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது வேறு விடயம்.)

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட இரவைப் பற்றித் தரம் 9 மாணவி எழுதிய, என் கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ள பந்தியில்தான் நெடுநேரம் நின்றேன்.

பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இருந்தும் அவளுடைய பெயரை மாற்றினேன். குளத்தின் பெயரை மாற்றவில்லை. அதையும் நீக்கினால், அவள் ஏன் தண்ணீரின் சத்தத்திலிருந்து தன் பந்தியைத் தொடங்கினாள் என்பதை மதிப்பாய்வாளர் எதைக்கொண்டு விளங்கிக்கொள்வார்?