மாற்றல் லிஸ்ட் வர்ற வரைக்கும்

2025 மார்ச் 5, புதன்
சாம்பல் புதன். நெத்தில சாம்பலோட நான் சொல்லிக்குடுக்கற சங்கீத கிளாஸுக்குப் போனேன். படிக்கறவங்கள்ல சின்னவ பாத்துட்டு "சிஸ்டர் நீங்களும் திருநீறு பூசுவீங்களா"ன்னா. வருஷத்துக்கு ஒருநாள்னேன். ஆரம்பப் பயிற்சி ஜண்ட வரிசை, மூணாங்காலம் வேகத்துல ஓடல.

மார்ச் 9, ஞாயிறு
ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசைல, வாசகத்துக்கு அப்புறம் சபை பாடற பதிலுரைப் பாடலுக்கு நான்தான் மெட்டுப் போடணுமாம், ஃபாதர் சொல்லிட்டாரு. 22ம் திருப்பாடல், "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்". மைனர்ல ஈஸியா இருந்தா கீபோர்டு தம்பிக்கு வசதியாம். எனக்கு முகாரி ராகம்தான் தோணுது. அழுகைன்னா முகாரின்னு ஊரே சொல்லுது, அதுக்காக இல்ல. ஏறும்போது சதுச்ருதி தைவதம், அதான் பெரிய 'த', இறங்கும்போது சுத்த தைவதம், சின்ன 'த', ஒரே ராகத்துல ரெண்டும். அந்தத் திருப்பாடலும் கதறலா ஆரம்பிச்சு சபை நடுவுல உம்மைப் புகழ்வேன்னுதானே போகுது. "கைவிட்டீர்"ல அந்த சின்ன தைவதம் விழணும், அவ்ளோதான் கேக்கறேன்.

மார்ச் 14
யார் எந்த எடத்துக்குப் போகணுங்கற மாற்றல் லிஸ்ட் ஈஸ்டருக்கு அப்புறம்னு மடத்துத் தலைவி மதர் சாப்பாட்டு மேசைல சொன்னாங்க. யாரும் யாரையும் பாக்கல. ரசம் நல்லாருந்துச்சு.

மார்ச் 20, வியாழன்
தூக்கம் வரல. நான் வாசிக்கற வீணை என்னோடது இல்ல. முன்னாடி படிச்ச பொண்ணு ஒருத்தியோட அப்பா குடுத்தது, குடுத்தன்னிக்கே மடத்து சாமான் ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு, கிரைண்டர் 1, தையல் மெஷின் 2, வீணை 1. எனக்குன்னு எதுவும் வெச்சுக்க மாட்டேன்னு ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்தவளுக்கு இதுல என்ன வருத்தம், புரியுது, ஆனா எங்கயோ ஒரு ஸ்கூல் ஹாஸ்டலுக்குப் போட்டாங்கன்னா பெட்டியோட போகணும், இது இங்க பீரோ மேல உறையோட கிடக்கும், யாரும் தொடமாட்டாங்க. கேட்டா எடுத்துட்டுப் போகச் சொல்லலாம். கேக்கலாமா? கீழ்ப்படிதல்னா கேக்கவே கூடாதா, கேட்டுட்டு இல்லன்னா சரின்னு வர்றதா? இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இது தெளியல. சரி குடுத்துட்டாங்கன்னே வெச்சுக்குவோம், மே மாசம் வேன்ல எப்படிப் போகும், விரல் வெச்சு அழுத்தற 24 உலோக மெட்டும் மெழுகுல உக்காந்திருக்கு, வெயில்ல மெழுகு இளகுச்சுன்னா மெட்டு நகரும், நகர்ந்தா சின்ன தைவதம் பெரிசும் இல்லாம சின்னதும் இல்லாம நிக்கும்.

மார்ச் 25
மங்கள வார்த்தைத் திருநாள். காலைலேர்ந்து ஹில்டகார்ட் நெனப்பு, ஜெர்மனில ஒரு கன்னியர் மடத்துத் தலைவி, பாட்டு எழுதினவங்க. 1178ல அந்தம்மாவுக்கு 80 வயசு. திருச்சபை விலக்கு வாங்கினவர்னு சொல்லப்பட்ட ஒருத்தரத் தன் மடத்துக் கல்லறையில அடக்கம் பண்ணாங்க, அவர் சாகறதுக்கு முன்னாடி திருச்சபையோட ஒப்புரவாயிட்டார்னு இவங்க வாதம். தோண்டி எடுன்னாங்க மைன்ஸ் மறைமாவட்ட மேலிடம். மாட்டேன்னாங்க. உடனே மடத்துல பாட்டே கூடாதுன்னு தடை, ஜெபத்த மெல்லிசா வாசிச்சுக்கலாம். பாட்ட நிறுத்தினாங்க, லெட்டர் எழுதறத நிறுத்தல. பாட்ட அடக்கறவங்களுக்கு விண்ணகத்துல தேவதூதர் புகழ்ச்சியில பங்கிருக்காதுங்கற அளவுக்கு எழுதினாங்க. 1179ல தடை போச்சு, அந்த செப்டம்பர்லயே அவங்களும் போயிட்டாங்க. திருச்சபைக்கே போதகர்ங்கற மறைவல்லுநர் பட்டம் குடுக்க 2012 ஆச்சு. நம்ம மேலிடம் எவ்வளவோ தேவல.

மார்ச் 30, ஞாயிறு
கொயர் பிராக்டிஸ். முகாரிய பைரவி ராகம் ஆக்கிட்டாங்க. முகாரில ஏறும்போது காந்தாரம், அதான் 'க', கிடையாதும்மா கிடையாதும்மான்னு தொண்டை போச்சு. கீபோர்டு தம்பி ஸ்வரத்த அசைக்கற பிட்ச் வீல உருட்டி "கமகம் வந்துருச்சு சிஸ்டர்"ங்கறான்.
வெளில வந்தா ஒரு அம்மா, சிஸ்டர் நீங்க தியாகராஜர் கீர்த்தனையெல்லாம் சொல்லிக்குடுக்கறீங்களாமேன்னு. ஆமான்னேன். மயிலாப்பூர் மாமி வேற பக்கத்துலேர்ந்து கேப்பாங்க, உங்களுக்கு எப்படி இந்த நாட்டம்னு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) கத்தோலிக்கர்தான், முன்சீப் வேலை பாத்துக்கிட்டே கீர்த்தனை எழுதினவர், சபாவுல இன்னிக்கும் பாடறாங்க. ரெண்டு பேருக்கும் இதே பதில் குடுத்துட்டு வர்றேன், ரெண்டு பேருக்குமே திருப்தி இல்ல.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு
கொயர் சுமாராத்தான் பாடிச்சு. பின்னாடி பெஞ்சுல உக்காந்த குப்பத்துப் பாட்டிங்க, மீன் விக்கிறவங்க, மூணாவது தடவையே பிடிச்சிட்டாங்க, ஆனா நான் போட்ட மாதிரி இல்ல. "ஏன்"ல நான் ஒரு அட்சரம், அதான் ஒரு தாளக் கணக்கு, குடுத்திருந்தேன், அவங்க இழுத்துட்டே போறாங்க, மூச்சு முடியற எடத்துல தலைய ஆட்டிக் கீழ விடறாங்க, சாவு வீட்டு ஒப்பாரில விடுவாங்களே அதே விடல். கீபோர்டு விட்டுப்போச்சு, கொயர் காத்து நிக்குது, பாட்டிங்க யாருக்கும் காத்திருக்கல. அந்தச் சின்ன தைவதம் அவ்ளோ சுத்தமா விழுந்துச்சு. அவங்க பாடின மாதிரியே ஸ்வரப்படுத்தி வெச்சுட்டேன், என்னோடத அடிச்சுட்டேன். நோட்டுல மெட்டு: பின் பெஞ்சுன்னு எழுதியிருக்கேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
'உன்னதங்களிலே' புகழ்ப்பாட்டுக்கு மணி எல்லாம் அடிச்சு ஓஞ்சாச்சு. இனி ஈஸ்டர் ராத்திரி திருவிழிப்பு வரைக்கும் வாத்தியம் கிடையாது, மணிக்குப் பதிலா மரக்கட்டைதான். கீபோர்டு உறைக்குள்ள. நிம்மதி.

ஏப்ரல் 21
மதியம் செய்தி, போப் போயிட்டாரு. நேத்துதான் டிவில பால்கனில பாத்தோம். அப்ப லிஸ்ட் தள்ளிப்போகுமோன்னு தோணுது பாருங்க, என்ன மனசோ.

மே 2
பயந்தது நடந்துருச்சு. அறையிலயே மெழுகு இளகி மேல் மெட்டு ரெண்டு சாஞ்சுருச்சு. வீணைய ஆட்டோல மடியில வெச்சுக்கிட்டு மயிலாப்பூர்ல ரிப்பேர் பண்றவர்கிட்ட போனேன், லஸ்ல மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதுல ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போச்சு. முழுசா மெழுகு எடுத்துட்டு மேளம் புதுசா கட்டணும், அதான் மெட்டெல்லாம் ஸ்வரத்துக்குத் திரும்ப உக்கார வெக்கணும்னாரு. எப்ப வேணும்னு கேட்டாரு. சொல்லத் தெரியல. செலவுக்கு மதர்கிட்ட கேட்டப்ப மட்டும் வாய் வந்துச்சு, அவங்களும் உடனே குடுத்துட்டாங்க, அத எப்படி எடுத்துக்கறதுன்னு தெரியல. போற ஆளுக்கு யாராவது மேளம் கட்டித் தருவாங்களா?

மே 9
நேத்து ராத்திரி வெள்ளைப் புகை, புது போப் தேர்ந்தெடுத்தாச்சு. அங்க ரெண்டே நாள்ல முடிஞ்சுது, நம்ம லிஸ்ட்டுக்கு இன்னும் புகையே காணோம்.

மே 12, திங்கள்
சின்னவ பைரவி அட தாள வர்ணம் கேக்கறா, பெரிய பயிற்சிப் பாட்டு. ஆரம்பிச்சா முடிக்க மாசக்கணக்காகும். பல்லவி எழுதிக் குடுத்துட்டேன். தாளம் 14 அட்சரம், 11லயே விட்டுட்டு முழிக்கறா. முதல்ல தாளம் மட்டும் போடு, பாட்டு அப்புறம்னு சொல்லி அனுப்பிருக்கேன்.