கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்

பொறியியல் கலந்தாய்வில் அலாட்மென்ட் வந்துவிட்டது. கிண்டி பொறியியல் கல்லூரி, ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் (செயற்கைக்கோளும் கணினியும் கொண்டு நிலத்தை அளந்து வரைபடமாக்கும் படிப்பு), அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீடு. அது என்ன படிப்பென்று உறவில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. "ஏம்மா, கம்ப்யூட்டர் கிடைக்கலையா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்கிறார்கள். அடுத்து வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக, சூடு ஆறும் முன் எழுதுகிறேன். கட்ஆஃப் கணக்கெல்லாம் உங்களுக்கே தெரியும்.

எங்கள் வகுப்பில் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் பதில் நாலுதான்: டீச்சர், போலீஸ், நர்ஸ், கலெக்டர். முதல் மூன்று பேரும் கண்ணில் படுகிறவர்கள். கலெக்டர் ஆண்டுவிழாப் பேச்சில் வருகிறவர். எட்டாவது வரை எஞ்சினியர் என்று சொன்ன பையன்கள்கூடப் பத்தாவதில் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். கணக்கு ஆசிரியர் பணியிடம் வெகுநாள் காலியாகக் கிடந்தது. அறிவியல் டீச்சரே கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். கணக்கு நமக்கு வராது என்று வகுப்பே நம்பிவிட்டது. அது பிள்ளைகளின் குறையா என்ன?

அப்புறம் பிளஸ் ஒன் சேர்க்கை. மேசையில் மார்க் ஷீட்டைத்தான் பார்த்தார்கள். கணக்கில் குறைவென்றால் ஆர்ட்ஸ். பெண் பிள்ளை, மார்க்கும் இருக்கிறது என்றால், "ப்யூர் சயின்ஸ் எடு, நர்சிங் போகலாம்." அதில் கணக்கே கிடையாது. எனக்கும் அதையே எழுதினார்கள். மேத்ஸ் பயாலஜிதான் வேண்டும் என்றேன். "சார் சொல்றதைக் கேளு" என்று அப்பா பின்னாலிருந்து முணுமுணுத்தார். நான் நகரவில்லை. கடைசியில் அடித்துவிட்டு மாற்றி எழுதினார்கள்.

பிடிவாதத்துக்குக் காரணம் ஒரு சர்வேயர். பத்தாவது முடிந்த லீவில் பக்கத்துக் கொல்லையில் உட்பிரிவு அளக்க வந்தார். சங்கிலி இழுப்பார் என்று பார்த்தால், உச்சியில் தொப்பி மாதிரி கருவி வைத்த ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் நின்று, இங்கே தோண்டுங்கள் என்றார். முழங்கால் ஆழத்தில் பழைய எல்லைக்கல் இருந்தது. இதற்குப் படிப்பு உண்டா சார் என்று கேட்டேன். கிண்டியில் உண்டு என்றார். (அந்தக் கல்லூரியே 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கியதுதான்.) இத்தனைக்கும் அவர் கம்பில் இருந்த ஜிபிஎஸ் ஒன்பதாம் வகுப்புப் புவியியல் பாடத்தில் இருக்கிறது. குறுவினா என்று அடிக்கோடு போட்டோம். அதை வைத்து ஒருவர் சம்பளம் வாங்குகிறார் என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை. அரசின் 'நான் முதல்வன்' திட்ட வழிகாட்டல் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் பிளஸ் ஒன் குரூப் எடுத்து முடித்திருந்தோம்.

சரி, செய்ய வேண்டியவை:

- பத்தாவது லீவிலேயே கலந்தாய்வுத் தகவல் கையேட்டைப் படியுங்கள். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் குரூப்.
- கணக்கை விடாதீர்கள். கட்ஆஃப் 200இல் 100 அதுதான். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.
- ஏழரைக்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி. தம்பியை நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் வீட்டில் இதைச் சொல்லுங்கள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது.
- முதல் பட்டதாரி சான்றிதழுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.
- குரூப் ஸ்டடி வேண்டாம். எனக்குக் கூட்டத்தில் ஒன்றும் ஏறாது. விடிகாலையில், தனியாக, பழைய கேள்வித்தாளோடு உட்காருங்கள்.

என் பக்கத்து பெஞ்ச் தோழி என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவாள். அதே மேசையில் அவளுக்கு ப்யூர் சயின்ஸ் எழுதினார்கள், அவளும் தலையாட்டினாள். பொறியியலுக்கு அவளால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. இப்போது வேளாண்மைக்கும் மீன்வளத்துக்கும் போட்டிருக்கிறாள். அங்கும் ஏழரை உண்டு. ப்யூர் சயின்ஸ்காரர்கள் நர்சிங்கோடு நின்றுவிடாமல் அந்தப் பக்கமும் பாருங்கள். குரூப் மாற்ற வேண்டுமென்றால் பள்ளி திறந்த உடனே கேளுங்கள். பாடம் ஓடத் தொடங்கிவிட்டால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.