கத்திரி வெயிலில் இசிஜித் தாள்: கடலூர் அவசரப் பிரிவுக் குறிப்புகள்

மே 19, 2025, திங்கள்

வியர்வை ஊறிய மார்பில் எலக்ட்ரோடு ஒட்டாது. அதோடு நோயாளி நடுங்கினால் மானிட்டரில் விடி (இதயக் கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான அதிவேகத் துடிப்பு) மாதிரியே ஓடும். துடைத்து, புது எலக்ட்ரோடு ஒட்டி, நாடி பிடிக்க வேண்டும். மானிட்டர் 220 என்கிறது, ஆக்சிமீட்டர் அலை சீராக 80 காட்டுகிறது என்றால் மானிட்டரை நம்ப வேண்டாம். கிறுக்கலுக்குள் கூரான கியூஆர்எஸ் (கீழறைகளின் மின்அலை) முனைகள் சம இடைவெளியில் தலைகாட்டும். ஆள் நினைவின்றி, நாடியும் இல்லையென்றால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம்; மார்பை அழுத்தத் தொடங்குங்கள்.

மே 22, வியாழன்

பண்ருட்டியில் பலாப் பருவம். டயாலிசிஸைத் தவறவிட்டவர், பலாச்சுளையும் இளநீருமாகச் சாப்பிட்டுவிட்டு, "காலைத் தூக்க முடியலை" என்று வந்தால் உடனே இசிஜி. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதைச் சொல்லும், கூடாரம் போன்ற டி அலையை (கியூஆர்எஸை அடுத்து வருவது) எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏமாற்றுவது அடுத்த கட்டம்: பி அலை (மேலறைகளின் அலை) மறையும், கியூஆர்எஸ் அகன்று டி அலையோடு கலந்து பாம்பு நெளிவதுபோல் ஆகும். விடி என்றெண்ணி லிக்னோகெயின் போட்டால் இதயம் நின்றுபோகலாம். கியூஆர்எஸ் இசிஜித் தாளில் 3 சின்னக் கட்டத்துக்கு (0.12 விநாடி) மேல் அகலம், வேகமோ 120-க்குள் என்றால் முதல் சந்தேகம் பொட்டாசியம்மேல்தான்.

லேப் முடிவுக்குக் காத்திருக்காமல் 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, சிரை வழியாக 3 நிமிடத்தில். 5 நிமிடத்தில் அலை குறுகாவிட்டால் மறுபடியும். அதே லைனில் சோடா பைகார்ப் விட்டால் சுண்ணாம்பாகப் படியும். கால்சியம் இதயத்தைக் கொஞ்ச நேரம் காக்கும், பொட்டாசியத்தை இறக்காது. அதற்கு ரெகுலர் இன்சுலின் 10 யூனிட், 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி. பிறகு டயாலிசிஸ்.

மே 23, வெள்ளி

நேற்று விட்டுப்போனது: இன்சுலினுக்குப் பின் 6 மணி நேரம், மணிக்கொருதரம் சர்க்கரை பார்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும்.

மே 27, செவ்வாய்

இளவயது, படபடப்பு, வேகம் 200-க்கு மேல். கியூஆர்எஸ் அகலம், இடைவெளி தாறுமாறு, ஒவ்வொரு துடிப்பும் வேறு வேறு உருவம். சில இடங்களில் இரு முனைகளுக்கு நடுவே ஒரே ஒரு பெரிய கட்டம் (0.2 விநாடி). இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகளின் தாறுமாறான துடிப்பு), ஏவி கணு என்ற நேர்வழியை விட்டு, பிறவியிலேயே உள்ள குறுக்குப் பாதையில் கீழறைக்கு இறங்குவது. நேர்வழியை அடைக்கும் அடினோசின், வெரபமில், டில்டியாசெம் கூடாது. நேர்வழி அடைபட்டால் எல்லாத் துடிப்பும் குறுக்கே பாய்ந்து விஎஃப் (கீழறைகள் வெறுமனே நடுங்கி, நாடி நின்றுபோவது) ஆகிவிடலாம். ரத்த அழுத்தம் சரிந்தால் மயக்கம் கொடுத்து, சிங்க் பொத்தானை (ஷாக்கை கியூஆர்எஸோடு ஒத்திசைப்பது) அழுத்தி 200 ஜூல் ஷாக்.

லயம் திரும்பியதும் 12 லீடு இசிஜி: பிஆர் (பி அலை தொடங்கி கியூஆர்எஸ் தொடங்கும் வரை) 3 சின்னக் கட்டத்துக்குக் குறைவு, கியூஆர்எஸ் ஏறும் இடத்தில் சரிவு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பினால் இரண்டு தாளும் கூடவே போகட்டும். தெர்மல் தாள் இந்த வெயிலில் மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.