கடலடிப் பார் இருக்கிற இடத்த எழுதாம பேப்பர் பப்ளிஷ் பண்ணுன அனுபவம்

எனக்க பிஎச்டி வேலையில இருந்து முதல் பேப்பர் வெளியாயிருச்சு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கடற்கரை ஊர்கள்ல பேட்டி எடுத்து ஆராய்ச்சி பண்றவங்களுக்கு உதவும்னுதான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவுல உள்ள ஊர்கள்ல தூண்டி போடுற பெரியவங்களுக்கு கடலுக்கு அடியில பார், அதாவது மீன் கூடுற பாறைத்திட்டு, எங்க கெடக்குன்னு தெரியும். கரையில தெரியுற மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒண்ணுக்கொண்ணு நேரா வருதான்னு பாத்து கணியம் வச்சு போவாங்க, கலவா விளமீன் எல்லாம் அங்கதான் கொத்தும். இந்த அறிவப் பத்திதான் எனக்க பேப்பர்.

பேட்டிக்கு முன்னாடியே எங்க காலேஜ் எதிக்ஸ் கமிட்டியில (ஆராய்ச்சி முறையா நடக்குதான்னு பாக்குற குழு) அனுமதி வாங்கணும், சம்மதப் படிவம் தமிழ்ல இருக்கணும். நான் ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து வாசிச்சுக் காட்டுனேன். ஒரு பாட்டா முழுசா கேட்டுட்டு சொன்னது இதுதான்: "மக்களே, எனக்க பேர வேணும்னா போடு, பாருக்க இடத்த மட்டும் போட்டுராத. இண்ணைக்கு நீ எழுதுனா நாளைக்கு வெளியூர் படகு ஜிபிஎஸ்ல குத்திக்கிட்டு வந்து பாருக்க ஓரத்த அரிச்சிட்டுப் போயிரும், பின்ன எனக்க தூண்டியில என்னத்த கொத்தும்?" அத அப்படியே ஒரு நிபந்தனையா படிவத்துல சேத்து திருப்பி கமிட்டிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குனோம். பின்னால எங்கள காப்பாத்துனது அந்த ஒரு வரிதான்.

அடுத்து எந்த ஜர்னல்னு பாக்கணும். 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில தீசிஸ் குடுக்க பேப்பர் கட்டாயம்னு இருந்தத எடுத்துட்டாங்க, ஆனா வேலைக்குப் போனா கேக்கத்தான் செய்வாவ. அதனால காசு கட்டுனா மூணு நாள்ல பப்ளிஷ்னு வாட்ஸாப்ல வர்ற மெசேஜுக்கு நம்ம பிள்ளைங்க நெறைய பேரு போறாங்க, பாக்கவே வயிறு எரியுது. 2018 மே மாசம் யுஜிசி தான் ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட லிஸ்ட்ல இருந்து 4,305 ஜர்னல தூக்குச்சு, அப்புறம் அதுக்குப் பதிலா கேர்னு ஒரு புது லிஸ்ட் வந்துச்சு, 2025 பிப்ரவரியில அதையும் நிறுத்திட்டாங்க. இப்ப நாமதான் பாத்து எடுக்கணும். எனக்கு வந்த ஒரு மெயில்ல ஜர்னல் பேரு, ஐஎஸ்எஸ்என் (ஒவ்வொரு ஜர்னலுக்கும் உள்ள தனி நம்பர்) ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு, வெப்சைட் மட்டும் வேற, அதாவது நல்ல ஜர்னல் ஒண்ண அப்படியே நகல் எடுத்து காசு வசூல் பண்ற ஆளுங்க. ஐஎஸ்எஸ்என் போர்ட்டல்ல நம்பரப் போட்டுப் பாத்து, ஸ்கோப்பஸ்ங்கிற ஆய்வுக் கட்டுரைத் தொகுப்போட சோர்ஸ் லிஸ்ட்ல பதிப்பாளர் பேரு ஒத்துப்போகுதான்னு பாத்து, எடிட்டோரியல் போர்டுல உள்ள ஒருத்தருக்கு அவரு யுனிவர்சிட்டி மெயில் ஐடியில நேரடியா எழுதிக் கேட்டப்பதான் தெளிவா தெரிஞ்சுச்சு. எந்த ஜர்னலானாலும் இந்த மூணையும் செஞ்சுருங்க.

கஷ்டமான இடம் ஆத்தர் லிஸ்ட். டேட்டா எடுக்கவோ எழுதவோ வராத ஒரு பெரியவரு, யாருன்னு சொல்லல, தன் பேரையும் சேக்கணும்னு கேட்டாரு. இங்க இது சகஜம்னு எல்லாருக்கும் தெரியும், இல்லன்னு சொன்னா வைவால (தீசிஸ் வாய்மொழித் தேர்வு) கை வைப்பாங்களோன்னு பயமும் இருக்கும். எங்க கைடு மேடம் ஐசிஎம்ஜேஈங்கிற அமைப்பு வச்சிருக்க நாலு நிபந்தனைய பிரிண்ட் எடுத்து மேசையில வச்சாங்க: வேலையில கணிசமான பங்கு இருக்கணும், எழுதுறதுலயோ திருத்துறதுலயோ இருக்கணும், கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் குடுக்கணும், நாளைக்கு கேள்வி வந்தா பதில் சொல்ற பொறுப்ப ஏத்துக்கணும். நாலும் சேந்து வேணும், ஒண்ணு ரெண்டு போதாது. அது மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் எழுதுனதுதான், ஆனா மத்த துறை ஜர்னல்களும் அத எடுத்துக்கிட்டிருக்கு. நாங்க தேர்ந்தெடுத்த ஜர்னல்ல யாரு என்ன செஞ்சாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் எழுதணும், எல்லா ஆத்தருக்கும் தனித்தனியா மெயில் போயி அவங்க உறுதி பண்ணணும். மேடம் அவருகிட்ட போயி, "சார், உங்க பேருக்கு நேரா என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க"ன்னு மரியாதையாத்தான் கேட்டாங்க, அதோட அந்தப் பேச்சு நின்னுச்சு. வயசுல சின்னவங்க தனியா இதச் செய்ய முடியாது, கைடு கூட நிக்கணும், நிக்காத கைடு கிட்ட மாட்டுன பிள்ளைங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னமும் மனசு கனக்குது.

சிமிலாரிட்டி செக், அதாவது மத்தவங்க எழுதுனதோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாக்குறது, பெரிய விஷயமில்ல. யுஜிசி 2018 விதிப்படி தீசிஸுக்கு 10 சதவீதம் வரைக்கும் நடவடிக்கை இல்ல, அதுக்கு மேல 40 வரைக்கும் திருத்திக் குடுக்கணும், 60ஐ தாண்டுனா ரெஜிஸ்ட்ரேஷனே ரத்து. ஏஐ டூல் உபயோகிச்சீங்களான்னும் ஒரு கட்டம் வரும், இங்கிலீஷ் இலக்கணம் திருத்தத்தான்னு எழுதுனேன், உபயோகிச்சிருந்தா மறைக்காதீங்க.

ஜர்னல் பேப்பரப் படிக்கக் குடுத்த ரெண்டு பேருகிட்ட இருந்து ரிவியூ வந்துச்சு. முதல் ஆளு நல்லாப் படிச்சு கேட்டிருந்தாரு, ஆனா ஒரு கேள்வி: பார்களோட ஜிபிஎஸ் புள்ளியக் குடுக்கணும், இல்லன்னா வேற யாரும் சரிபாக்க முடியாதுன்னு. அவரு கேட்டது நியாயம், பாட்டா சொன்னதும் நியாயம். இதுலதான் எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. கடைசியில எடிட்டருக்கு சம்மதப் படிவத்துல உள்ள அந்த வரிய மொழிபெயர்த்து, கமிட்டி ஒப்புதல் கடிதத்தோட அனுப்புனோம். மேப்ல புள்ளிக்குப் பதிலா 10 கிலோமீட்டர் கட்டங்கள் போட்டோம், ஆழத்த துல்லியமா சொல்லாம இத்தனையில இருந்து இத்தனை பாகம்னு (கடல் ஆழத்த அளக்குற அளவு) குடுத்தோம். டேட்டா அவைலபிலிட்டி பகுதியில, இடத் தகவல் மீனவர்களுக்குச் சொந்தம், பொதுவா குடுக்க முடியாது, தேவைப்படுற ஆராய்ச்சியாளர் எங்க கமிட்டி வழியா ஊர்க்காரங்ககிட்ட கேக்கலாம்னு எழுதுனோம். எடிட்டர் ஒத்துக்கிட்டாரு.

ரெண்டாவது ரிவியூவர் ஒரே ஆளோட கட்டுரைகள வரிசையா குடுத்து எல்லாத்தையும் சைட் பண்ண, அதாவது மேற்கோளா காட்டச் சொன்னாரு. அதுல ஒண்ணு நிஜமாவே தேவைப்பட்டுச்சு, அத சேத்தேன், மத்தது ஏன் பொருந்தலன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி பதில் எழுதி, எடிட்டருக்கும் தனியா தெரிவிச்சேன். இப்படி சைட்டேஷன் கேக்குறது முறையில்லன்னு பதிப்பு நெறிமுறைக்கான கோப் (COPE) அமைப்போட வழிகாட்டுதல் இருக்கு, ஜர்னல் அதுல உறுப்பினரான்னு முதல்லயே பாத்து வச்சிருந்தா இந்த மாதிரி நேரத்துல தைரியமா எழுதலாம்.

பேட்டி குடுத்தவங்கள்ல யாரு யாரு சரின்னாங்களோ அவங்க பேரு நன்றிப் பகுதியில இருக்கு. வெளியாகுறதுக்கு முன்னாடி சரிபாக்குற ப்ரூஃப் வந்தப்ப மேப்ப பாட்டாகிட்ட காட்டுனேன். கண்ணாடியப் போட்டு கட்டம் கட்டமா விரல வச்சுப் பாத்துட்டு, "இத வச்சு ஒருத்தனும் வந்து சேர மாட்டான், அனுப்பு"ன்னாரு. அப்புறம்தான் ஒப்புதல் குடுத்தேன்.

கடற்கரையில பேட்டி எடுக்கப் போறவங்க யாருக்காவது தமிழ் சம்மதப் படிவம் வேணும்னா கேளுங்க, பேரு ஊரு எல்லாம் எடுத்துட்டு வெறும் படிவத்த தாறேன், உங்க கமிட்டிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிடலாம்.