வெள்ளிவீதி என்று பெயர் வைத்தோம்

எங்கள் மகளுக்கு வெள்ளிவீதி என்று பெயர் வைத்திருக்கிறோம். சங்கப் பெண் புலவர் வெள்ளிவீதியாரின் பெயர் அது. கும்பகோணத்தில் பிறந்த குழந்தைக்கு வைத்திருந்தால்கூடக் கேட்பவர்கள் இன்னொரு முறை சொல்லச் சொல்லியிருப்பார்கள். இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவின் பிரெஞ்சுப் பதிவேட்டில் அதைப் போய் எழுதுவானேன் என்று இங்கும் ஊரிலும் கேட்டவர்களுக்கு அவ்வப்போது துண்டு துண்டாகப் பதில் சொல்லி வந்தேன். முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

என் கணவர் காரைக்கால்காரர். புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியாவுடன் சட்டப்படி இணைந்த 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவருடைய தாத்தாவின் சொந்தப் பெயரே பிரெஞ்சுப் பதிவேட்டில் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. திருமணமாகி இத்தீவுக்கு வந்தபோது, அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டு வளர்ந்த எனக்கு, நான் பார்த்தே இராத ஒரு பெரியவரின் பெயரால் எல்லா அலுவலகங்களிலும் அழைக்கப்படுவது விசித்திரமாக இருந்தது. ஆனால் இத்தீவின் சென்-ஆந்த்ரே ஊரில் குடியேறி அக்கம்பக்கத்து வீட்டுத் தபால் பெட்டிகளைப் படிக்கத் தொடங்கியபின், இங்குள்ள தமிழ் வம்சாவளியினர் அனைவருக்கும் நேர்ந்தது அதுதான் என்று புரிந்தது. ராமசாமி, முத்துசாமி, கோவிந்தசாமி என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கொள்ளுத்தாத்தாவின் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருந்தது. 1848-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்காகக் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும், 1860-ஆம் ஆண்டு பிரெஞ்சு-பிரிட்டிஷ் உடன்படிக்கைக்குப் பிறகு சென்னை மாகாணத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பெயர்கள் அவை. அவர்களுக்கு இருந்தது ஒரே பெயர். அந்த ஒரு பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகப் போயிற்று.

பிள்ளைகளின் சொந்தப் பெயருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என்னை உறுத்திய கேள்வி. பிரான்சில் 1803-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நாள்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும் மட்டுமே பிறப்புப் பதிவேட்டில் ஏற்கலாம் என்று விதித்திருந்தது. அந்த நாள்காட்டியில் இருந்தவர்கள் கிறித்தவப் புனிதர்கள். ஆகவே தீமிதிக்கு நோன்பிருக்கும் குடும்பத்தில் பிறந்த பெண்ணும் பதிவேட்டில் மரி ஆனாள். 1993 சனவரி 8-ஆம் நாள் வந்த சட்டம்தான் பெற்றோர் தாம் விரும்பிய பெயரை வைக்கும் உரிமையை முழுமையாகத் தந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்தவர். அவருடைய அடையாள அட்டையில் இருப்பது மரியில் தொடங்கும் ஓர் இரட்டைப் பெயர். பாட்டி வைத்த தமிழ்ப் பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. அது கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதற்கு மட்டுமே பயன்படுகிறது என்றும், தம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாது என்றும் இத்தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது சாதாரணமாக இல்லை.

குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை ஆண்களின் பெயர்கள் என்பதையும் நான் கவனிக்காமல் இல்லை. மினாச்சி என்ற குடும்பப் பெயரை இங்கே கண்டபோது யாரோ ஒரு மீனாட்சி எப்படியோ தப்பி வந்திருக்கிறாள் என்று மகிழ்ந்தேன். மற்றபடி கப்பலில் வந்த அஞ்சலைகளும் காத்தாயிகளும் பிள்ளைகளின் பெயரில் எங்கும் ஒட்டவில்லை. எங்கள் மகளுக்கும் தாத்தா வழியில் ஓர் ஆணின் பெயர் குடும்பப் பெயராக வந்தே தீரும் என்பதால், அதன் முன்னால் நிற்கும் சொந்தப் பெயராவது ஒரு தமிழ்ப் பெண்ணுடையதாக, அதிலும் தன் சொல்லால் அறியப்பட்ட பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்று கர்ப்பமாக இருந்தபோதே உறுதி செய்துகொண்டேன். இன்று இங்குள்ள இளம் பெற்றோர் பலர் இந்தியப் பெயர்களுக்குத் திரும்பியிருப்பது எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இந்தித் திரைப்படங்களிலிருந்து வரும் பெயர்களையே அதிகம் கேட்கிறேன்.

பெயர் தேடும்போது பிரெஞ்சு நாக்கையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுவதும் தன் பெயரைத் திருத்திக்கொண்டிருக்கும் வேலையைக் குழந்தையின் தலையில் கட்டக் கூடாது அல்லவா? யாழினியும் எழிலும் எனக்கு மிகப் பிடித்தவை. ஆனால் ழகரத்துக்கு நாம் போடும் எழுத்துகளைப் பிரெஞ்சுக்காரர் படித்தால் யாஸினி, எஸில் என்று வந்து நிற்கும். ஆம்பல் என்று எழுதினால் மகரம் மூக்கில் போய் ஓம்பல் போல ஒலிக்கும். வெள்ளிவீதியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ளகரம் லகரமாவது ஒன்றுதான் இழப்பு. ஊரில் ஆங்கிலத்தில் எழுதுவதுபோல் 'ஈ' (e) எழுத்தை இரண்டு முறையும் பிறகு 'டி' (t), 'ஹெச்' (h) இரண்டையும் போட்டால் இங்கே வாய்க்கு வந்தபடி படிப்பார்கள் என்பதால், நெடிலுக்கு ஒரே ஓர் 'ஐ' (i) எழுத்தும் தகரத்துக்கு 'ஹெச்' சேராத ஒரே எழுத்தும் போட்டோம். எந்தப் பிரெஞ்சுக்காரரும் முதல் தடவையே ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுகிறார்.

வீட்டில் எதிர்ப்பு வந்தது அம்மாவிடமிருந்து. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவருடைய மறுப்பை எளிதில் ஒதுக்க முடியவில்லை. "அம்மாடி, பிரிஞ்சு போனவனைத் தேடித் தேடி அலைஞ்சவ பேரு அது. பச்சைப் புள்ளைக்கு அந்தத் துக்கத்தை ஏன் சுமத்தணும்?" என்றார். உண்மைதான். சங்கத் தொகைகளில் கிடைக்கும் அவருடைய பதின்மூன்று பாடல்களும் பிரிவும் ஏக்கமும் நிறைந்தவை. ஆனால் நான் அம்மாவுக்குச் சொன்னது வேறு. அகநானூற்றின் 45-ஆம் பாடலில் வெள்ளிவீதியார், கணவனைத் தேடி அலைந்த ஆதிமந்தியைத் தமக்கு ஒப்பாகச் சொல்கிறார். அதே நூலின் 147-ஆம் பாடலில் ஔவையார், வெள்ளிவீதியைப் போலத் தானும் புறப்பட்டுவிட எண்ணியதாகச் சொல்கிறார். ஒரு பெண் முன்னவள் ஒருத்தியைப் பெயர் சொல்லி நினைக்க, அவளை அடுத்தவள் பெயர் சொல்லி நினைத்திருக்கிறாள். பெண்களின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து உதிர்ந்துபோன இந்தத் தீவில் என் மகளுக்கு அந்த வரிசையிலிருந்து ஒரு பெயர் வேண்டும் என்றேன். அம்மா அன்று சம்மதிக்கவில்லை. சில நாள் கழித்து, தேடிப் புறப்படும் துணிச்சல் உள்ளவள் என்று எடுத்துக்கொள்வதானால் சரி என்றார். மாமியார் கேட்டுக்கொண்ட மகாலட்சுமியை இரண்டாம் பெயராகச் சேர்த்தோம். பதிவான பெயர்களில் எதை வேண்டுமானாலும் வழக்கப் பெயராகக் கொள்ள இங்கு சட்டம் இடம் தருகிறது. நியாயமான காரணம் இருந்தால் நகராட்சியிலேயே பெயரை மாற்றிக்கொள்ளவும் 2016 முதல் வழி உண்டு. வளர்ந்தபின் இந்தப் பெயர் வேண்டாம் என்று அவள் நினைத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

பிறப்பை ஐந்து நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் நகராட்சி அலுவலகத்தை இன்றும் பிரெஞ்சுச் சொல்லால் மேரி என்றுதான் சொல்கிறார்கள். என் கணவரும் அப்படித்தான் சொல்லிவிட்டுக் காகிதங்களோடு கிளம்பினார். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மறுக்கும் அதிகாரம் இப்போது அலுவலருக்கு இல்லை. குழந்தையின் நலனுக்கு ஒவ்வாத பெயர் என்று கருதினால் அவர் அரசு வழக்குரைஞருக்குத் தெரிவிக்கலாம், முடிவு நீதிமன்றத்தினுடையது. அந்தக் கவலை எங்களுக்குக் கொஞ்சம் இருந்தது. சாளரத்தின் மறுபக்கம் இருந்த பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த அட்டையிலும் ஒரு 'சாமி' இருந்ததாம். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்து, திரையைக் கணவர் பக்கம் திருப்பி, இரண்டு 'எல்' சரிதானா என்று விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டபின், யார் இவர் என்று விசாரித்திருக்கிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ்ப் பெண் கவிஞர் என்று கணவர் சொன்னதும், நம்மவர்களில் பெண் கவிஞர்கள் இருந்தது தமக்குத் தெரியாது என்றாராம். குடும்பப் பதிவுப் புத்தகத்தில் பெயர் பிழையின்றி ஏறியது.

குழந்தைகள் காப்பகத்தில் இப்போது அவள் வெலி. எங்கள் ஊரின் கொலோஸ் கோயிலில் அர்ச்சகர் முழுப் பெயரையும் நிறுத்திச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அம்மையார் அதை அருகில் நின்று கேட்டிருக்கிறார். அவருடைய பேத்தி இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். வெள்ளிவீதியைப் போன்ற வேறு பெண் கவிஞர்கள் இருந்தால் எழுதிக் கொடு என்று போன வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஆதிமந்தி, நச்செள்ளை, வெண்ணிக் குயத்தியாரின் ஊர்ப் பெயரான வெண்ணி, பொன்முடி, மாசாத்தி என்று பிரெஞ்சு எழுத்தில் எப்படி வருமோ அப்படியே எழுதி, ஒவ்வொன்றையும் அவரோடு உரக்கச் சொல்லிப் பார்த்தேன். ஆதிமந்தியில் நகரம் மூக்கில் போகிறது, பொன்முடியும் அப்படியே. மினாச்சியை எழுதுவதுபோலவே நச்செள்ளையை எழுதினால் ஒலி கெடவில்லை. பேத்திக்கு வெண்ணியும் நச்செள்ளையும் பிடித்திருக்கின்றனவாம். ஒன்றை முதற்பெயராகவும், பாட்டியின் கோயில் பெயரை இரண்டாவதாகவும் பதிவு செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.